ஒலி எழுப்பாத இசைப்பெட்டி

ஊர்த் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி கேட்டிருப்பீர்கள். பாடகரையும் தபேலாக்காரரையும் பார்த்துவிட்டு, கீபோர்டு வாசிப்பவரின் கைகளையும் கவனித்தீர்களா? வலக்கை கட்டைகளின் மேல் ஓடும். இடக்கையோ பக்கத்தில் இருக்கும் ஒரு சிறு பெட்டியை அடிக்கடி தொடும். அதில் வரிசையாகச் சில நழுவு குமிழ்கள், சில திருகு குமிழ்கள், சில பொத்தான்கள் இருக்கும். ‘இந்தப் பெட்டி எப்படி ஒலி எழுப்பும்?’ என்று கேட்டால் விடை வியப்பாக இருக்கும். அது ஒலியே எழுப்பாது! அதைத் தனியாக ஒலிபெருக்கியோடு இணைத்தால் ஒரு முனகல்கூட வராது.

ஒலி தராத பெட்டிக்கு இசை மேடையில் என்ன வேலை? இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் எழுப்பியது ஒரு விபத்து.

நான் இருப்பது விருத்தாசலத்தில். மாசி மகம் இங்கே பத்து நாள் திருவிழா. சில ஆண்டுகளுக்கு முன் அந்த விழாக் காலத்தில் ஒரு மெல்லிசைக் கச்சேரி நடந்தது. என்னிடம் இயற்பியல் படித்த மாணவன் ஒருவன் அதில் கீபோர்டு வாசித்தான். கடன் வாங்கி அப்போதுதான் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி வாங்கியிருந்தான். நாலாவது பாட்டு. வயலின் கூட்டத்தின் ஒலி நிறைந்து வந்தது. அவன் அதைச் சற்றே தணிக்க எண்ணி ஒரு குமிழைத் தொட்டான். அவ்வளவுதான், வயலின் ஒலி முழுவதும் அடியோடு மறைந்துபோயிற்று! பாடிக்கொண்டிருந்த பெண்ணுக்குப் பிடிமானம் தவறிச் சுருதி விலகிற்று. கூட்டத்தில் விசில் பறந்தது.

மறுநாள் காலை அவன் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தான்.

“சார், நான் லேசாத்தான் தொட்டேன். ஒரு நூல்கூட நகர்த்தல. மொத்தச் சத்தமும் போயிடுச்சு. இனிமே இந்தப் பெட்டியைக் கொண்டு வராதேன்னு குழுத் தலைவர் சொல்லிட்டார்” என்றான். முகம் வாடியிருந்தது.

“பெட்டி கெட்டுப்போகலப்பா. அது சொன்னதை நீ புரிஞ்சுக்கல. உட்காரு, பார்ப்போம்” என்றேன்.

அன்று அவனோடு சேர்ந்து நானும் கற்றுக்கொண்டதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பெட்டிக்குள் இசை இல்லை

ஆர்மோனியத்தில் கட்டையை அழுத்தினால் காற்று பாய்ந்து உலோக நாக்கு அதிர்கிறது. வீணையில் தந்தி அதிர்கிறது. விரல் தொடும் இடமும் ஒலி பிறக்கும் இடமும் அங்கே ஒன்றோடொன்று பிணைந்தவை. மின்னணு இசைக்கருவியில் அப்படியல்ல. விரல் தொடும் பகுதி வேறு. ஒலி உண்டாக்கும் சுற்று வேறு. இரண்டையும் தனித்தனிப் பெட்டிகளாகக்கூடப் பிரித்துவிடலாம். பிரித்தால், ‘இந்தக் கட்டை அழுத்தப்பட்டது, இவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது’ என்ற செய்தியை ஒன்று மற்றொன்றுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு பொது மொழி தேவை.

1980-ஆம் ஆண்டு வாக்கில் ஒவ்வொரு நிறுவனத்தின் கருவியும் தனக்கென்று ஒரு மொழி வைத்திருந்தது. ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொன்றோடு பேசாது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித், 1981-இல் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஓர் இணைப்பு முறையை முன்மொழிந்தார். ஜப்பானில் ரோலண்டு நிறுவனத்தை நிறுவிய இகுதாரோ ககெஹாஷியும் இதே நோக்கத்தில் முனைந்து நின்றார். 1983 ஜனவரியில் அமெரிக்க இசைக்கருவிக் கண்காட்சி ஒன்றில் ஸ்மித்தின் ‘புரொஃபெட்-600’ கருவியையும் ரோலண்டின் ‘ஜூபிட்டர்-6’ கருவியையும் ஒரு கம்பியால் இணைத்தார்கள். போட்டி நிறுவனங்கள் இரண்டின் கருவிகள் ஒன்றோடொன்று பேசின! அந்த மொழிதான் ‘மிடி’. இசைக்கருவிகளுக்கான எண்ணியல் இடைமுகம் என்பது அதன் பொருள். இதற்காக 2013-இல் அவ்விருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பட்டது.

தமிழ்த் திரையிசைக்கும் இது விரைவிலேயே வந்து சேர்ந்தது. 1986-இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினி வழி இசையைப் பயன்படுத்தினார். 1992-இல் ‘ரோஜா’ மூலம் அறிமுகமான ஏ. ஆர். ரகுமானின் இசையில் இம்முறை வேரூன்றி நின்றது. அதன்பின் மேடைக் கச்சேரிகளிலும் பரவி, இன்று சிற்றூர்க் குழுக்கள்வரை வந்துவிட்டது.

மிடிக் கம்பியில் ஓடுவது ஒலி அன்று, எண்கள் மட்டுமே. தபால்காரர் பாயசத்தைக் கொண்டு வருவதில்லை. பாயசம் செய்யும் முறையை எழுதிய கடிதத்தைத்தான் கொண்டு வருகிறார். சமைப்பது உங்கள் வீட்டு அடுப்பு. அதுபோல, ஒலியைச் ‘சமைப்பது’ மறுமுனையில் உள்ள கருவி அல்லது கணினி. நம் கட்டுப்பாட்டுப் பெட்டி கடிதம் எழுதும் வேலையை மட்டும் செய்கிறது.

நகரும் விரல், மாறும் எண்

குமிழை நகர்த்தினால் எண் எப்படிப் பிறக்கிறது? உங்கள் பாடநூலில் உள்ள மின்னழுத்தப் பகிர்வுதான்! குமிழின் கீழே நீண்ட மின்தடைப் பட்டை ஒன்று இருக்கிறது. அதன் ஒரு முனையில் 5 வோல்ட், மறுமுனையில் சுழி. குமிழோடு சேர்ந்து நகரும் தொடுமுனை பட்டையின் எந்த இடத்தில் நிற்கிறதோ, அதற்கேற்ற மின்னழுத்தம் கிடைக்கும். நட்ட நடுவில் நின்றால் 2.5 வோல்ட்.

இந்த மின்னழுத்தத்தை ஒரு மாற்றிச் சுற்று அளந்து எண்ணாகத் தருகிறது. சாதாரண மிடிச் செய்தியில் அந்த எண் 0 முதல் 127 வரை இருக்கும். அதாவது 128 படிகள். குமிழ் நகரும் நீளம் 60 மில்லி மீட்டர் என்றால், ஒரு படிக்கு ஏறக்குறைய அரை மில்லி மீட்டர். மின்னழுத்தத்தில் பார்த்தால் ஒரு படிக்குச் சுமார் 0.04 வோல்ட்.

அது ஏன் 128? ஒரு பைட் என்பது எட்டு இரும இலக்கங்கள். எட்டையும் பயன்படுத்தினால் 256 எண்கள் கிடைக்கும். ஆனால் மிடியை வகுத்தவர்கள் முதல் இலக்கத்தை ஓர் அடையாளக் கொடியாக ஒதுக்கிவிட்டார்கள். முதல் இலக்கம் 1 என்றால் ‘இது கட்டளை’ என்று பொருள். 0 என்றால் ‘இது கட்டளைக்கான அளவு’ என்று பொருள். எஞ்சிய ஏழு இலக்கங்களில் 2⁷ = 128 எண்களே எழுத முடியும்.

ஒரு செய்தியைப் படித்துப் பார்ப்போமா?

10010000   00111100   01100100

முதல் பைட் 1-இல் தொடங்குகிறது, ஆகவே கட்டளை. ‘1001’ என்றால் ‘சுரத்தைத் தொடங்கு’. அடுத்த ‘0000’ என்பது முதல் தடத்தைக் குறிக்கும். நான்கு இலக்கங்கள் இருப்பதால் மொத்தம் 16 தடங்கள் உண்டு. புல்லாங்குழல் ஒரு தடம், வயலின் ஒரு தடம் என்று பிரித்துக்கொள்ளலாம். இரண்டாவது பைட்டின் மதிப்பு 60. இது கீபோர்டின் நடுவிலுள்ள ‘சி’ கட்டை. மூன்றாவதன் மதிப்பு 100. கட்டை அழுத்தப்பட்ட வேகம்.

குமிழ் அனுப்பும் செய்தியும் இதே அமைப்புடையது. முதல் பைட்டில் ‘1011’ வரும். ‘கட்டுப்பாட்டை மாற்று’ என்று பொருள். அடுத்த எண் எந்தக் கட்டுப்பாடு என்று சொல்லும்: 7 என்றால் ஒலியளவு, 10 என்றால் ஒலி இடப்புறமா வலப்புறமா என்பது, 64 என்றால் காலால் மிதிக்கும் நீட்டிப்பு மிதி. மூன்றாவது எண் எவ்வளவு என்று சொல்லும்.

வேகத்தை அளக்கும் கட்டை

கட்டை அழுத்தப்பட்ட ‘வேகம்’ என்றேன். ஓங்கி அழுத்தினால் பெரிய ஒலி, மெல்ல அழுத்தினால் சிறிய ஒலி என்பது தெரிந்ததே. ஆனால் பெரும்பாலான கீபோர்டுகள் விசையை அளப்பதில்லை, காலத்தை அளக்கின்றன. ஒவ்வொரு கட்டையின் அடியிலும் இரண்டு தொடுசாவிகள் உள்ளன. கட்டை கீழே இறங்கும்போது ஒன்று முதலில் மூடும். மற்றொன்று சற்றுப் பின்னால் மூடும். இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு 3 மில்லி மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 3 மில்லி வினாடியில் கடந்தால் வேகம் வினாடிக்கு 1 மீட்டர். 30 மில்லி வினாடி எடுத்துக்கொண்டால் வினாடிக்கு 0.1 மீட்டர். வேகம் = தொலைவு ÷ காலம் என்று ஆறாம் வகுப்பில் படித்த சூத்திரம்தான் பாட்டின் உணர்ச்சியை அளக்கிறது!

தட்டினால் மின்சாரம் தரும் பீங்கான்

மேடையில் தாளக் கலைஞர் எட்டுக் கட்டங்கள் உள்ள ஒரு தட்டையான பலகையைக் குச்சியால் தட்டுவார். ‘பேட்’ என்பார்கள். 1985-இல் ரோலண்டு வெளியிட்ட முதல் ‘ஆக்டாபேட்’ தனக்கென்று ஒலியே இல்லாத, மிடிச் செய்தி மட்டும் அனுப்பும் பலகை. நம் மாணவனின் பெட்டிக்கு அது மூத்த உறவு. பின்னால் வந்தவற்றில் ஒலியும் உள்ளேயே சேர்க்கப்பட்டது.

இத்தகைய தட்டுப் பலகைகள் பலவற்றில் ரப்பர் விரிப்பின் கீழே ஒரு பித்தளை வட்டும், அதன்மேல் மெல்லிய வெண்ணிறப் படலமும் இருக்கும். அந்தப் படலம் என்ன தெரியுமா? பீங்கான்!

பீங்கான் என்றதும் எங்கள் ஊர் நினைவு வரும். விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளும், மின் இணைப்புகளுக்கான இன்சுலேட்டர்களும், ஃப்யூஸ் கட்டைகளும் பல ஊர்களுக்குப் போகின்றன. பீங்கான் தொழிலைக் கற்பிக்கவென்றே இங்கே ஒரு பயிலகமும் உண்டு. வெண்களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகியவற்றைக் குழைத்துச் சூளையில் சுட்டால் கிடைக்கும் இந்தப் பீங்கானின் சிறப்பு என்ன? மின்சாரத்தை அறவே தடுப்பதுதான்.

தட்டுப் பலகையில் உள்ளது வேறு வகைப் பீங்கான். ஈயம், சிர்க்கோனியம், டைட்டானியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளைச் சேர்த்து, உயர்ந்த வெப்பத்தில் சுட்டு, பிறகு வலிமையான மின்புலத்தில் வைத்துப் பதப்படுத்துகிறார்கள். இதை அழுத்தினாலோ தட்டினாலோ இரு பக்கங்களுக்கும் இடையே மின்னழுத்தம் தோன்றும். குவார்ட்ஸ் போன்ற படிகங்களில் இந்த ‘அழுத்தமின் விளைவை’ 1880-இல் ழாக் கியூரி, பியேர் கியூரி என்ற சகோதரர்கள் கண்டறிந்தார்கள். இந்தப் பியேர்தான் பின்னாளில் மேரி கியூரியை மணந்தவர்.

ஓங்கித் தட்டினால் அதிக மின்னழுத்தம். மெல்லத் தட்டினால் குறைவு. அந்த மின்னழுத்தத்தின் உச்சத்தை அளந்தால் ‘எவ்வளவு வலுவான அடி’ என்ற எண் கிடைத்துவிடுகிறது. ஒரு பீங்கான் மின்சாரத்தைத் தடுத்து உயிரைக் காக்கிறது. அதன் உறவுக்காரப் பீங்கான் அடிபட்டு மின்சாரம் தந்து தாளம் போடுகிறது!

ஒரு கம்பி, வினாடிக்கு 31,250 இலக்கங்கள்

மிடிக் கம்பியில் வினாடிக்கு 31,250 இரும இலக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. ஒரு பைட்டின் எட்டு இலக்கங்களுக்கு முன்னும் பின்னும் தொடக்க இலக்கம், முடிவு இலக்கம் என்று இரண்டு சேரும். ஆக மொத்தம் பத்து. எனவே ஒரு பைட்டுக்கு 10 ÷ 31,250 வினாடி, அதாவது 0.32 மில்லி வினாடி ஆகும். மூன்று பைட் கொண்ட ஒரு செய்திக்கு 0.96 மில்லி வினாடி. ஏறக்குறைய ஒரு மில்லி வினாடி என்று கொள்ளலாம்.

இந்தத் தாமதம் காதுக்குத் தெரியுமா? ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. ஒரு மில்லி வினாடியில் 34 சென்டி மீட்டர். ஆகவே, ஒலிபெருக்கியிலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவான தூரம் நீங்கள் பின்னால் தள்ளி உட்கார்ந்ததற்குச் சமம் இந்தத் தாமதம். நான்கு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால், உண்மையில் அவை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செல்கின்றன. கடைசிச் சுரம் முதல் சுரத்தைவிட 3 மில்லி வினாடி பிந்துகிறது. காது அதை ஒரே நேரம் என்றே கொள்கிறது. இன்றைய பெட்டிகள் பெரும்பாலும் யு.எஸ்.பி. கம்பி வழியே கணினியோடு இணைகின்றன. செய்தி அதேதான்; போகும் வேகம்தான் கூடுதல்.

ஒளியால் ஒரு பாலம்

மிடியை வகுத்தவர்கள் செய்த ஓர் அழகிய ஏற்பாட்டை இங்கே சொல்ல வேண்டும். மேடையில் ஒரு கருவிக்கு ஒரு மின் இணைப்பு, மற்றொன்றுக்கு வேறு இணைப்பு, ஒலிபெருக்கிக்கு ஜெனரேட்டர் என்று இருக்கலாம். இவற்றின் புவி இணைப்புகள் எல்லாம் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. இரு கருவிகளைக் கம்பியால் நேரே இணைத்தால் அந்த வேறுபாட்டால் சிறு மின்னோட்டம் சுற்றி வரும். அது நம் நாட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலைவைச் சுமந்துவந்து ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலாக ஒலிக்கும்.

இதைத் தவிர்க்க, மிடிக் கம்பியின் பெறும் முனையில் ஓர் ஒளி உமிழ் டையோடும் அதற்கு எதிரே ஓர் ஒளியுணர் சாதனமும் வைத்தார்கள். கம்பியில் வரும் 5 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் டையோடை ஒளிரச் செய்யும். எதிரே உள்ள சாதனம் அந்த ஒளியைக் கண்டு மீண்டும் மின் துடிப்பாக்கும். மின்னோட்டம் பாய்ந்தால் 0, பாயாவிட்டால் 1. இரு கருவிகளுக்கும் நடுவே மின்தொடர்பே கிடையாது. ஒளி மட்டுமே தாண்டுகிறது. ஆற்றின் இக்கரையிலிருந்து அக்கரைக்கு விளக்கை அசைத்துச் சைகை காட்டுவது போல!

யு.எஸ்.பி. கம்பியில் இந்த ஏற்பாடு பொதுவாக இல்லை. மடிக்கணினியோடு பெட்டியை இணைக்கும் கலைஞர்கள் சிலசமயம் விட்டுப்போன அந்த ‘ம்ம்ம்’ இரைச்சலை மறுபடி கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சத்தம் ஏன் மறைந்தது?

இப்போது நம் மாணவனின் விபத்துக்கு வருவோம்.

மூன்றாவது பாட்டில் அவனுக்குக் குழல் ஒலி மெல்லியதாக வேண்டியிருந்தது. ஒலியளவுக் குமிழை 30-க்கு இறக்கி வைத்திருந்தான். நாலாவது பாட்டுக்கு ஒரு பொத்தானை அழுத்தி வயலின் ஒலிக்கு மாறினான். அந்த ஒலிக்கு ஒலியளவு 120 என்று ஏற்கெனவே கணினியில் பதித்து வைத்திருந்தான். எனவே 120 அளவில் ஒலித்தது. ஆனால் குமிழ்? அது தானாக நகருமா? 30-இல் நிறுத்திய இடத்திலேயே இருந்தது!

அவன் குமிழைத் தொட்டவுடன் அது அரை மில்லி மீட்டர் அசைந்தது. மாற்றிச் சுற்று உடனே ‘ஒலியளவு 29’ என்று கடிதம் எழுதிவிட்டது. ‘சற்றே குறை’ என்று அவன் மனத்தில் நினைத்தது கடிதத்தில் இல்லை. கணினி 120-லிருந்து 29-க்குத் தாவியது.

இது எவ்வளவு பெரிய வீழ்ச்சி? கணக்கு எளிதாக இருக்க 30 என்றே கொள்வோம். பல கருவிகளில் ஒலியலையின் வீச்சு, ஒலியளவு எண்ணின் இருமடிக்கு நேர் விகிதத்தில் இருக்கும். 30 என்பது 120-இல் நான்கில் ஒரு பங்கு. எனவே வீச்சு 1/16. அலையின் திறனோ வீச்சின் இருமடிக்கு நேர் விகிதம். ஆகவே திறன் 1/256! வயலின் ஒலி மறைந்தே போய்விட்டது என்று அவனுக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

“அப்படின்னா தப்பு என் மேலயா, பெட்டி மேலயா சார்?” என்று கேட்டான்.

“ரெண்டு பேர் மேலயும் இல்லப்பா. குமிழ் இருக்கிற இடம் ஒண்ணு, கணினி நினைவிலே இருக்கிற எண் இன்னொண்ணு. ரெண்டும் ஒத்துப்போகணும்னு யாரும் அதுங்களுக்குச் சொல்லல” என்றேன்.

இந்தப் பிணக்கைத் தீர்க்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, குமிழின் அடியில் ஒரு சிறு மோட்டாரை வைப்பது. ஒலி மாறியதும் கணினி ஓர் எண்ணைத் திருப்பி அனுப்பும். குமிழ் தானே நகர்ந்து 120-இல் போய் நிற்கும். பார்க்க மாயம் போல இருக்கும்; விலையும் அதிகம்.

இரண்டாவது, முடிவின்றிச் சுழலும் குமிழ். இதற்கு ‘இடம்’ என்பதே கிடையாது. சுழற்றும்போது ‘ஒன்று கூட்டு’ அல்லது ‘ஒன்று குறை’ என்று மட்டும் சொல்லும். மாணவன் மனத்தில் நினைத்ததும் அதுதான் அல்லவா? சுற்றிலும் சிறு விளக்குகள் எரிந்து இப்போதைய மதிப்பைக் காட்டும்.

மூன்றாவது வழிக்குக் காசே வேண்டாம். கணினி நிரலில் ஒரே ஒரு மாற்றம். குமிழ் அனுப்பும் எண், நினைவிலுள்ள எண்ணைத் தொடும்வரை அதைக் காதில் போட்டுக்கொள்ளாதே என்று சொல்லிவிடுவது. 30-இல் நிற்கும் குமிழை மேலே தள்ளுங்கள். 50, 80, 100... ஒலியில் மாற்றமே இராது. 120-ஐத் தொட்டதும் ‘கவ்விக்’கொள்ளும். அதன்பின் கைக்கு அடங்கி நடக்கும். அவனுடைய நிரலின் அமைப்புப் பட்டியலில் இந்த வசதி ஏற்கெனவே இருந்தது. தேடிக் கண்டுபிடித்து மாற்ற எங்களுக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. எது நடந்தது என்று விளங்கிக்கொள்ளத்தான் அரை நாள்!

ஓயாத சுரம்

இன்னொரு மேடைச் சிக்கலையும் அன்று பேசினோம். சிலசமயம் கட்டையிலிருந்து விரலை எடுத்த பின்னும் சுரம் ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஆர்மோனியத்தில் இப்படி நேராது. துருத்தியை நிறுத்தினால் காற்று நின்றுவிடும். மிடியில் ‘தொடங்கு’ ஒரு கடிதம், ‘நிறுத்து’ மற்றொரு கடிதம். முதல் கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு யாராவது கால் இடறிக் கம்பியைப் பிடுங்கிவிட்டால், இரண்டாவது கடிதம் வழியிலேயே தொலைந்துபோகும். பெறும் கருவி ‘நிறுத்து’ வரும் என்று காத்துக்கொண்டே ஒலிக்கும். தந்தி, துருத்தி போன்ற பொருள்களுக்கு ஆற்றல் தீர்ந்தால் ஓய்வு வரும். கட்டளைக்கு மறு கட்டளை வந்தால்தான் ஓய்வு.

இதற்கும் மருந்து உண்டு. 123 என்ற எண்ணுள்ள கட்டுப்பாட்டுச் செய்திக்கு ‘எல்லாச் சுரங்களையும் நிறுத்து’ என்று பொருள். அனுபவமுள்ள கலைஞர்கள் இதைப் பெட்டியின் ஒரு பொத்தானில் ஒதுக்கி வைத்திருப்பார்கள். நம் மாணவன் அதற்குச் சிவப்பு நாடா ஒட்டிக்கொண்டான்.

கமகத்துக்கு 128 போதுமா?

எல்லாம் சரி. நம் இசையை இந்த எண்கள் முழுதும் சொல்லிவிடுமா? இதைத்தான் நீங்கள் கட்டாயம் சிந்திக்க வேண்டும்.

மிடியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் எண். 69 என்றால் 440 ஹெர்ட்ஸ். ஓர் எண் கூடினால் அதிர்வெண் 2-இன் பன்னிரண்டாம் படிமூல மடங்கு, அதாவது ஏறக்குறைய 1.0595 மடங்கு கூடும். பன்னிரண்டு எண் கூடினால் சரியாக இரு மடங்கு. இது மேல்நாட்டுப் பியானோவின் கணக்கு. ஆனால் நாகசுரம் ஊதுபவர் ஒரு சுரத்தில் நின்று கொள்வதில்லை. அடுத்த சுரத்தை நோக்கி வழுக்கிச் செல்கிறார், அசைக்கிறார், திரும்புகிறார். அந்தக் கமகம்தான் ராகத்துக்கு உயிர். 60-க்கும் 61-க்கும் நடுவே உள்ள அந்தப் பாதைக்குக் கட்டை ஏது?

மிடியை வகுத்தவர்கள் இதற்கும் ஒரு வழி வைத்தார்கள். கீபோர்டின் இடப்புறத்தில் ஒரு சக்கரம் அல்லது நெம்புகோல் இருக்கும். அதைத் தள்ளினால் சுரம் மேலும் கீழும் வளையும். இதற்கு இரண்டு பைட்டுகளைச் சேர்த்து 14 இலக்கங்கள் ஒதுக்கினார்கள். எனவே 2¹⁴ = 16,384 படிகள். வழக்கம்போல மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் என்று வளைத்தால், வெறும் 128 படிகளில் ஏணியில் ஏறுவது போலக் கேட்டுவிடலாம்; 16,384 படிகளில் வழுக்குப் பாறையில் வழுக்குவது போல இழையும். இத்தகைய கருவியில் கமகங்களைக் கொண்டுவந்து கர்நாடக இசைக் கச்சேரியே செய்து காட்டியிருக்கிறார் ‘கீபோர்டு’ சத்யநாராயணன்.

ஆனாலும் ஒரு குறை உண்டு. வளைக்கும் செய்தி ஒரு தடம் முழுவதற்கும் பொது. இரண்டு சுரங்கள் சேர்ந்து ஒலித்தால் இரண்டும் சேர்ந்தே வளையும். ஒன்று அசைய, மற்றொன்று அசையாமல் நிற்க முடியாது. இதைத் தீர்க்க, ஒவ்வொரு விரலுக்கும் ஒரு தனித் தடம் ஒதுக்கும் முறையை 2018-இல் மிடியோடு சேர்த்தார்கள். இப்படி ஒவ்வொரு விரலும் தனித்தனியே வழுக்கிச் செல்ல இடம் தரும் கருவிகளில் ஒன்று, அமெரிக்காவில் லிப்போல்டு ஹேக்கன் உருவாக்கிய ‘கன்டினுவம்’. அதில் கட்டைகளே கிடையாது. மென்மையான ஒரே பரப்பு. ஏ. ஆர். ரகுமான் அதை மேடைகளில் இசைத்திருக்கிறார். 2020-இல் அறிவிக்கப்பட்ட மிடியின் இரண்டாம் பதிப்பு, அளவுகளுக்கு 7 இலக்கங்களுக்குப் பதில் 32 இலக்கங்கள்வரை இடம் தருகிறது.

ஒரு கருவியின் மொழியை வகுப்பவர்கள், தாம் அறிந்த இசைக்கு ஏற்பவே அதை வகுப்பார்கள். அது குற்றமன்று. அந்த மொழியில் நம் இசைக்கு எந்தச் சொல் இல்லை என்று கண்டு சொல்ல, இசையும் இயற்பியலும் சேர்ந்து தெரிந்தவர்கள் வேண்டும். உங்களில் சிலர் அப்படி வர வேண்டும் என்பதே என் ஆசை.

செய்து பாருங்கள்

1. பழைய வானொலியின் ஒலியளவுக் குமிழ் ஒன்றும், இரண்டு 1.5 வோல்ட் மின்கலங்களும், ஒரு மல்டிமீட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். கலங்களைத் தொடராக இணைத்து, குமிழின் இரு ஓர முனைகளுக்கும் 3 வோல்ட் கொடுங்கள். நடு முனைக்கும் எதிர்முனைக்கும் இடையே மின்னழுத்தத்தை அளவிடுங்கள். 0 முதல் 3 வோல்ட் வரை எட்டுச் சம பங்காக்கி 0 முதல் 7 வரை எண்ணிடுங்கள். குமிழை ஓர் இடத்தில் நிறுத்தி, மின்னழுத்தம் எந்தப் பங்கில் விழுகிறது என்று பார்த்து, அந்த எண்ணை இருமத்தில் எழுதுங்கள். நீங்களே ஒரு மாற்றிச் சுற்று ஆகிவிட்டீர்கள்!

2. மின்னணுக் கடைகளில் பித்தளை வட்டுடன் கூடிய அழுத்தமின் பீங்கான் குறைந்த விலையில் கிடைக்கும். அதன் இரு கம்பிகளையும் ஒரு சிறு ஒளி உமிழ் டையோடோடு இணையுங்கள். இருட்டறையில் வட்டை மேசைமேல் வைத்து, ரப்பர் பொருத்திய பென்சில் முனையால் தட்டுங்கள். டையோடு ஒரு கணம் மினுக்கும். மின்கலமே இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

கணக்கிடுங்கள்

(அ) பத்து விரல்களாலும் பத்துக் கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால், எல்லாச் செய்திகளும் மிடிக் கம்பியில் செல்ல எவ்வளவு காலம் ஆகும்? (ஆ) ஒலியளவு எண்ணை 100-லிருந்து 50-க்குக் குறைத்தால், மேற்சொன்ன விதிப்படி ஒலியின் திறன் எத்தனையில் ஒரு பங்காகும்?

நம் மாணவன் என்ன ஆனான் என்று கேட்கிறீர்களா? குழுத் தலைவரிடம் ஒரு வாய்ப்புக் கேட்டு, ஒத்திகையில் பெட்டியைக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினான். அடுத்த கச்சேரிக்கு என்னையும் அழைத்தான். போயிருந்தேன். வயலின் ஒலி தணிய வேண்டிய இடத்தில் தணிந்தது, எழ வேண்டிய இடத்தில் எழுந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் பாட்டை மட்டும் கேட்டார்கள். பெட்டியை நான் ஒருவன்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

(விடை: அ. 9.6 மில்லி வினாடி, ஆ. பதினாறில் ஒரு பங்கு.)